திங்கட்கிழமைக் காய்ச்சல்

எங்கள் அம்மாவுக்குத் திங்கட்கிழமைகளில் மட்டும் காய்ச்சல் வரும். செவ்வாய் மத்தியானம் போய்விடும். எனக்கும் எட்டாம் வகுப்பில் இப்படி ஒரு காய்ச்சல் வந்தது. அம்மா அதை ஈர்க்குக் கட்டை எடுத்து ஒரே நாளில் சுகப்படுத்தினார். ஆகவே அவருக்கே அது வரத் தொடங்கியபோது, உண்மையைச் சொல்வதென்றால், எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அம்மாவின் பெயர் ஜெயரூபினி. வயது முப்பத்தெட்டு. கொக்கிளாயில், கடலுக்கும் உப்புநீர்க் களப்புக்கும் நடுவில் இருக்கிற எங்கள் வளவுக்குள் ஒரு கொட்டில் போட்டு வெல்டிங் செய்கிறார். "பொம்பிளை வெல்டிங்கோ?" என்று கேட்டவர்கள் முன்பு இருந்தார்கள். இப்போது அவர்களுடைய வாசல் படலைகளையும் அம்மாதான் ஒட்டிக்கொடுக்கிறார்.

இது தொடங்கியது கோபத்தில். அப்பா வின்சன் கடலுக்குப் போகிறவர். ஏழு வருசத்துக்கு முதல் அவருடைய போட்டில் இஞ்சின் பூட்டுகிற இரும்புத் தாங்கி உடைந்தது. ரவுணில் ஒரு கடைக்குக் கொண்டுபோனால் "நாளைக்கு வாங்கோ" என்றார்கள். நாளைக்குப் போனாலும் நாளைக்குத்தான். எட்டு நாள் போட் மணலில் கிடந்தது. ஒன்பதாம் நாள் அம்மா, "இதென்ன ரொக்கற்றே? நெருப்பும் இரும்பும்தானே" என்று சொல்லிவிட்டு ஆறு மாதத் தொழிற்பயிற்சி ஒன்றுக்குப் பெயர் கொடுத்தார். வகுப்பில் பதின்மூன்று பெடியன்கள், அம்மா ஒருத்தி. முதல் மாதம் பெடியன்கள் சிரித்தார்கள். கடைசி மாதம் தாங்கள் ஒட்டியது சரியா என்று அம்மாவிடம் கொண்டுவந்து காட்டினார்கள். அம்மாவின் ஒட்டு வரி அப்படி இருக்கும். கையால் தடவினால் மீன் செதில் அடுக்கியதுபோல ஒரே அளவாக ஏறி இறங்கும்.

எங்கள் ஊரில் இரும்புக்கு ஆயுள் குறைவு. உப்புக்காற்றுப் பட்ட கறுப்பு இரும்பு இரண்டு மாரிக்குள் பிஸ்கற் மாதிரி உதிரும். அதனால் எல்லோரும் ஜி.ஐ. பைப்தான் கேட்பார்கள். துத்தநாகம் பூசிய வெள்ளி நிறப் பைப். அதைச் சுட்டால் தடித்த வெள்ளைப் புகை எழும்பும். புகை ஆறிப் பஞ்சு போல அம்மாவின் தலையிலும் தோளிலும் வந்து இறங்கும். தம்பி நிறோஜனுக்கு எட்டு வயது. "எங்கட அம்மாவுக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் பனி கொட்டுது" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வந்தான்.

அதோடு காற்று. வாடைக்காற்று தொடங்கினால் வெல்டிங் சுடர் தள்ளாடும், ஒட்டில் பொத்தல் விழும். ஆகவே மாரி பிறக்க முதலே அம்மா கொட்டிலின் கடற்பக்கத்தையும் இரண்டு ஓரங்களையும் தறப்பாளால் அடைத்துவிடுவார். போருக்குள் இடம்பெயர்ந்து திரிந்த காலத்திலேயே பழகிய கை. அம்மா கட்டிய தறப்பாளுக்குள் மழை போகாது, காற்றுப் போகாது, பல்லிகூடச் சுற்றிக்கொண்டுதான் போகும். திறந்திருந்த ஒரே பக்கம் நாங்கள் சமைக்கிற குசினிப் பக்கம். புகை எந்த வழியால் வெளியே போகிறது என்று ஏழு வருசமாக ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஓ.எல். சோதனையில் விஞ்ஞானத்தைக் கோட்டை விட்டவளுக்கு அது வேலையில்லை.

காய்ச்சலுக்கு வருவோம். திங்கள் காலை அம்மா நன்றாகத்தான் வேலை தொடங்குவார். பின்னேரம் நாலு மணிபோல, "வாய்க்குள்ள சதக்காசை வைச்சு உமிஞ்ச மாதிரி இருக்கு" என்பார். தேத்தண்ணி இனிப்பாக இருக்கிறதென்று சீனி போட்டதற்கு என்னைப் பேசுவார். நான் சீனியே போட்டிருக்கமாட்டேன். பிறகு குளிர், நடுக்கம், எலும்புக்கு எலும்பு உளைவு. மூன்று போர்வை போர்த்துப் படுப்பார். செவ்வாய் மத்தியானம் எழும்பி ஒன்றும் நடக்காததுபோல இரும்பு தேய்க்கிற கிரைண்டரைப் பிடிப்பார்.

ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஞாயிறு பூசைக்கு உடுத்திக்கொண்டு போவதால் கண்ணூறு என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கோழி என்றார்கள். வெல்டிங் செய்கிறவர்கள் பால் குடித்தால் புகை கழுவுப்பட்டுப் போகும் என்று பயிற்சியில் யாரோ சொன்னதைக் கேட்டு அம்மா தினமும் ஒரு கோப்பை பால் குடித்து வந்தார். பால் வயிற்றுக்குத்தானே போகும், நெஞ்சுக்கு எப்படிப் போகும் என்று கேட்டேன். "உன்ர வாய்க்கு ஒரு ஒட்டுப் போட்டாச் சரி" என்றார்.

கடைசியில் காரணத்தை அம்மாவே கண்டுபிடித்தார். கோயில் கலண்டரை மேசையில் விரித்து, காய்ச்சல் வந்த நாட்களுக்கெல்லாம் சோக்கட்டியால் புள்ளடி போட்டார். எல்லாம் திங்கள். இரண்டு இடத்தில் மட்டும் திங்கட்கிழமை வெறுமையாக இருந்தது. அந்த இரண்டு கிழமையும் அவசர வேலையென்று ஞாயிறும் சேர்த்து ஒட்டியிருந்தார்.

"இஞ்சாருங்கோ, பிடிச்சிட்டன்."

அப்பா வலை பொத்துகிற ஊசியோடு நிமிர்ந்தார். "என்னத்தை?"

"எனக்கு வருத்தம் வேலையால இல்ல. ஓய்வால."

"ஆர் சொன்னது?"

"கலண்டர் சொல்லுது. ஞாயிறு வேலை செய்தால் திங்கள் காய்ச்சல் இல்ல. ஞாயிறு சும்மா இருந்தால் திங்கள் படுக்கை."

"ஓய்வெடுத்தால் காய்ச்சல் வருமெண்டால், செபமாலை அண்ணைக்கு வருசம் முழுக்க நூற்றிநாலு இருக்கோணுமே!"

செபமாலை மாமா எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் செயலாளர். கதிரையை விட்டு எழும்பாதவர் என்று பெயர். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு முதற் பூசை கண்டு வந்து, நல்ல சீலையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, கொட்டிலுக்குள் போனார். திங்கட்கிழமை காய்ச்சல் வரவில்லை.

அதற்குப் பிறகு அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. வாரத்தில் ஏழு நாளும் வேலை. பூசையில் ஞாயிறு ஓய்வைப் பற்றிப் பிரசங்கம் வந்தால் அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு இருப்பார். நத்தார்ப் பண்டிகைக்கு ஒன்பது நாள் கொட்டிலைப் பூட்டினோம். திறந்த அன்று பின்னேரம் வந்த காய்ச்சல் நூற்றிமூன்றுக்கு ஏறியது. போர்வைக்குள் கிடந்தபடி அம்மா வெற்றியாகச் சொன்னார், "பாத்தியளே? ஒன்பது நாள் ஓய்வுக்கு ஒன்பது மடங்கு."

தை மாதம் மூன்று காரியங்கள் நடந்தன. காய்ச்சல் இல்லாததால் அவற்றை நாங்கள் வருத்தமென்று நினைக்கவில்லை. முதலாவது இருமல். காலையில் எழும்பினால் பத்து நிமிசம் இருமிய பிறகுதான் எங்களைப் பேசத் தொடங்குவார். இரண்டாவது, கிணற்றிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் கொண்டுவரும்போது நடுவில் ஒருதரம் வைத்துவிட்டு நிற்பார். ஏனென்று கேட்டால், "கொடியில காயிற உடுப்பைப் பாக்கிறன்" என்பார். கொடியில் உடுப்பு இருக்காது.

மூன்றாவதைச் செபமாலை மாமா கொண்டுவந்தார். அவருடைய மருமகனின் போட் நங்கூரம். ஒரு கொழுக்கி கழன்று போயிருந்தது.

"பிள்ளை ரூபி, குறை நினையாத. உன்ர ஒட்டு விட்டிட்டுது. போட் இழுபட்டுப் போய்ப் பொடியன் வலையையும் விட்டிட்டு வந்தவன்."

அம்மா நங்கூரத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஏழு வருசத்தில் திரும்பி வந்த முதல் ஒட்டு. வரி நேராகப் போகாமல், எறும்புக் கூட்டத்தில் யாரோ காலை வைத்ததுபோலச் சிதறியிருந்தது. அம்மா அதைப் பார்த்தார். பிறகு தன்னுடைய வலது கையைப் பார்த்தார். கை மிகக் கொஞ்சமாக, காற்றில்லாத நேரத்துத் தென்னோலை நுனி மாதிரி, ஆடிக்கொண்டிருந்தது.

"திருப்பி ஒட்டித் தாறன் அண்ணை. அவனிட்டச் சொல்லுங்கோ, பிழை என்ர," என்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அம்மா ஒருவரையும் ஏசவில்லை. வீடு நன்றாகவே இல்லை. அதனால்தான் நான் அந்தக் குறும்புப் பகிடியைச் செய்தேன். பழைய றேடியோ ஒன்றின் ஸ்பீக்கருக்குள் இருந்த காந்தத்தைக் கழற்றி, அம்மாவின் தலையணை உறைக்குள் வைத்துத் தைத்துவிட்டேன். காலையில் கொண்டைக் கிளிப்புகள் எல்லாம் தலையணையோடு ஒட்டிக்கொள்ளும், அம்மா இழுபடுவார், ஈர்க்குக் கட்டைத் தேடுவார், வீடு பழையபடி ஆகும். இதுதான் திட்டம்.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. கிளிப்புகளை அவர் கழற்றி வைத்துவிட்டுப் படுத்திருக்கிறார். நாலாம் நாள் நானே ஏமாற்றத்தோடு தையலைப் பிரித்தேன். காந்தத்துக்குத் தாடி முளைத்திருந்தது. கறுப்பாக, மெத்தென்று, ஊசிமயிர் மாதிரிக் குத்திட்டு நின்றது.

"அம்மா, உங்கட தலையணைக்குத் தாடி வந்திட்டுது" என்று கொண்டுபோய்க் காட்டினேன்.

அம்மா சிரிப்பார் என்றோ அடிப்பார் என்றோ நினைத்தேன். அவர் இரண்டும் செய்யாமல் காந்தத்தை வாங்கித் துடைத்தார். ஒரு துண்டு வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். யன்னல் திரையில் தடவினார், கறுப்பு. மா வைக்கிற பேணியின் மூடியில் கறுப்பு. என்னுடைய தோளில் தடவினார், கொஞ்சம் கறுப்பு. கடைசியாகத் தம்பி படுக்கிற நுளம்பு வலை. கறுத்துப்போன துணியை விரித்துப் பார்த்தவர் அப்படியே கட்டிலில் இருந்துவிட்டார்.

"நான் மட்டும்தான் இதைச் சுவாசிக்கிறன் எண்டு நினைச்சன்," என்றார். "நீங்களுமே?"

மறுநாள் காலைப் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தம்பியையும் கூட்டிக்கொண்டு, காந்தத்தையும் கட்டிக்கொண்டு.

டொக்டர் பிரேமிளா என்று ஒரு இளம் பெண். அம்மா இருமலைச் சொன்னார், மூச்சைச் சொன்னார், கையைச் சொன்னார். போகிற போக்கில் திங்கட்கிழமைக் காய்ச்சலையும் சொன்னார். டொக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"திங்களிலயா? நீங்கள் ஜி.ஐ. பைப்பே ஒட்டுறனீங்கள்?"

"ஓம். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"துத்தநாகப் புகையை இழுத்தால் வாற காய்ச்சல் அது. ஒவ்வொரு நாளும் இழுத்தால் உடம்பு பழகிப்போகும். ஒரு நாள் ரெண்டு நாள் விட்டால் பழக்கம் விட்டிடும். திரும்ப இழுத்த அண்டைக்குத் திருப்பிக் காய்ச்சல்."

"நான் அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சனான் டொக்டர். ஞாயிறும் வேலை செய்யிறன். இப்ப காய்ச்சல் இல்ல."

டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். "அம்மா, வீட்டுக்குள்ள கள்ளன் வாறான், நாய் குரைக்குது. நீங்கள் நாயின்ர வாயைக் கட்டிப்போட்டு, இப்ப கள்ளன் வாறேல்ல எண்டுறியள்."

நான் சிரித்துவிட்டேன். அம்மா என்னுடைய காலை மிதித்தார்.

பிறகு டொக்டர் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் பலமாக ஊதச் சொன்னார். அதில் ஒரு முள் இருந்தது. மூன்றுதரம் ஊதியும் அம்மாவின் முள் முந்நூற்று இருபதோடு நின்றுவிட்டது. அவருடைய வயதுக்கும் உயரத்துக்கும் நானூறைத் தாண்ட வேண்டுமாம். பிறகு ஒரு கடதாசியில் நடுவிலிருந்து வெளியே, கொசு விரட்டக் கொளுத்துகிற நுளம்புத்திரி மாதிரிச் சுழித்து வரச் சொன்னார். அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தார். எலி கடித்த நுளம்புத்திரி வந்தது. அதைப் பார்த்து நான் பகிடி விடவில்லை. விடத் தோன்றவுமில்லை.

தம்பியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து, "இவர் இப்ப நல்லா இருக்கிறார்" என்றார் டொக்டர். அந்த "இப்ப"வை அம்மா கவனித்தார்.

காந்தத்தைக் காட்டினோம். டொக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கிரைண்டர் தூள். கண்ணுக்குத் தெரியுதுதானே? அப்ப இதில முக்கால்வாசியை மூக்கும் தொண்டையும் பிடிச்சுத் துப்பிப்போடும். பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாததுக்கு. வெல்டிங் புகையில இருக்கிற துகள் ஒரு தலைமயிரின்ர அகலத்துக்குள்ள நூறு நிண்டு கொள்ளும். அதை மூக்கு பிடிக்காது. நுரையீரலின்ர அடிவரைக்கும் போகும். அங்க மூச்சுக்கும் இரத்தத்துக்கும் நடுவில நுளம்பு வலையை விட மெல்லிசான ஒரு தோல்தான். கொஞ்சம் அங்கயே தங்கிப் புண்ணாக்கும். கொஞ்சம் இரத்தத்தில ஏறும். ஏறினால் இதயம், ஈரல், சிறுநீரகம், எல்லா இடமும் அதுக்கு றோட்டுத்தான்."

"கை ஏன் நடுங்குது?" அம்மா கேட்டார்.

"இதாலதான் எண்டு நான் இப்ப அடிச்சுச் சொல்லேலாது. இரத்தம் பாக்கோணும், பெரிய ஆஸ்பத்திரிக்கும் எழுதித் தாறன். ஆனால் நீங்கள் எரிக்கிற வெல்டிங் குச்சியில மங்கனீசு எண்டு ஒண்டு இருக்கு. அது மூளைக்குப் போகக் கூடியது. மூக்கு நரம்பைப் பிடிச்சே மேல போகும் எண்டும் சொல்லுகினம். மூளையில கையை ஆடாமல் பிடிக்கிற இடத்தில போய் இருக்கும். துத்தநாகம் குரைக்கிற நாய். மங்கனீசு குரைக்காது."

விஞ்ஞானப் பாடத்தில் ஐந்து வருசம் ஏறாதது எனக்கு அந்த ஐந்து நிமிசத்தில் ஏறியது. அதற்காக நான் சந்தோஷப்படவில்லை.

"அப்ப வேலையை விடோணுமே?" என்றார் அம்மா.

"விட்டால் நல்லது. விடேலாதெண்டால் புகை உள்ள போகாத மாதிரிச் செய்யோணும். எப்பிடி எண்டு எனக்குத் தெரியாது, நான் வெல்டர் இல்ல. நீங்கள்தான் வெல்டர்."

அந்தக் கடைசி வசனத்தை அம்மா பஸ்ஸில் வரும்போது இரண்டுதரம் தனக்குள் சொல்லிப் பார்த்தார். எனக்குக் கேட்டது.

வீட்டு வாசலில் செபமாலை மாமா கதிரை போட்டு இருந்தார். சங்கத்தால் கருவாட்டுப் பெண்களுக்கு இருபத்திரண்டு பரண் செய்யப் போகிறார்களாம். மீனை மணலில் பரப்பாமல் இடுப்பளவு உயரத்தில் வலை கட்டிக் காயப்போடுகிற பைப் பரண். "ஜி.ஐ. பைப்பில. சங்கத்தில பாதிப் பேர் ரவுண் கடைக்குக் குடுப்பம் எண்டினம். நங்கூரக் கதை பரவிட்டுது பிள்ளை. வாற செவ்வாய் இல்ல, அதுக்கு அடுத்த செவ்வாய் கூட்டம். உன்ர முடிவைச் சொல்லு."

அவர் போன பிறகு அம்மா கொட்டிலின் நடுவில் நின்றார். "இதைச் செய்ய ஏலாதெண்டால் கொட்டிலைக் கழட்டுறதுதான். நெஞ்சைக் குடுத்துச் செய்யவும் மாட்டன். கொட்டிலைச் சும்மா குடுக்கவும் மாட்டன்," என்றார். எங்களிடம் சொன்னாரா இரும்பிடம் சொன்னாரா தெரியாது.

பிறகு தறப்பாளை அவிழ்த்தார். அவிழ்த்தார் என்றால், கத்தியால் கயிற்றை வெட்டி இழுத்து எறிந்தார்.

இனி அம்மாவின் மூளை வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். புகை உள்ளே போகிறதா இல்லையா என்று அறிய எங்களிடம் கருவி ஒன்றும் இல்லை. "இருக்கு," என்றார் அம்மா. "என்ர காய்ச்சல். ஞாயிறு முழுக்க ஓய்வெடுத்தால் நாய்க்குத் திரும்ப வாய் திறக்கும். திங்கள் ஜி.ஐ. பைப்பையே ஒட்டுவன். பின்னேரம் குரைச்சால் புகை உள்ள போயிருக்கு. குரைக்காட்டில் போகேல்ல. துத்தநாகம் போகாட்டில் மற்றதும் பெருமளவுக்குப் போகாது."

டொக்டரிடம் கேட்டால் வேண்டாமென்பார் என்று எங்களுக்குத் தெரியும். ஆகவே கேட்கவில்லை.

அது தவக்காலம் தொடங்கிய கிழமை. ஊரில் எல்லோரும் இறைச்சியை விட்டார்கள். எங்கள் அம்மா வேலையை விட்டார், சனி பின்னேரத்திலிருந்து திங்கள் விடியும்வரைக்கும். ஞாயிறு நாள் முழுக்கக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்ததைப் பார்த்தால் வாடகைக்கு எடுத்த கைகள் மாதிரி இருந்தது.

முதலாவது திங்கள், கொட்டிலுக்கு வெளியே, திறந்த மணலில் வேலை. காற்றை முதுகுக்கு வாங்கி நின்றார், புகை முன்னால் போய்விடும் என்று. முகத்துக்கு ஒரு துணி. காலை ஆறிலிருந்து பத்துவரை ஒட்டினார். பின்னேரம் மூன்று மணியிலிருந்து நாங்கள் அவரைச் சுற்றி இருந்தோம், சோதனை முடிவு பார்க்கிற ஆட்கள் மாதிரி. நாலரைக்குச் சீனி போடாத தேத்தண்ணி கொடுத்தேன்.

"சீனி போட்டனியே?"

நான் போய் மூன்று போர்வையையும் எடுத்து வைத்தேன். ஐந்து மணிக்குக் குளிர் தொடங்கியது. நூற்றொன்று.

போர்வையை இழுத்துப் போர்த்துவிட்டேன். அம்மா சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். "திறந்த வெளி. இவ்வளவு காத்து. பிறகும் எப்பிடியடி?" என்றார். அவர் அழுகிற குரலை நான் அதற்கு முதல் கேட்டதில்லை. நான் வெளியே போய்க் கொடியில் இல்லாத உடுப்பை எடுத்தேன்.

மறுமொழி அப்பாவிடம் இருந்தது. செவ்வாய் காலை கடலால் வந்தவர், அம்மா நின்ற இடத்தையும் மணலில் இருந்த கால் தடத்தையும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"நீ காத்தை முதுகுக்கே வாங்கினனீ?"

"பிறகென்ன முகத்துக்கே வாங்குறது?"

"விசரி. பின்காத்தில போட் ஓடேக்க இஞ்சின் புகை ஆர்ர மூக்குக்குப் போகும்? ஓட்டுறவன்ர மூக்குக்குத்தான். காத்து உன்ர முதுகில முட்டி, ரெண்டு பக்கத்தாலும் சுத்தி வந்து, நெஞ்சுக்கு முன்னால சுழலும். புகை அந்தச் சுழிக்குள்ள நிண்டு விளையாடும். காத்து தோளில அடிக்கோணும். ஒரு பக்கத்தால வந்து மற்றப் பக்கத்தால போகோணும்."

அம்மா போர்வையை விலக்கிக்கொண்டு எழும்பி இருந்தார். "இதை ஏழு வருசமாச் சொல்லேல்ல."

"நீ தறப்பாளுக்குள்ள இருந்தனீ. அங்க காத்து எங்க இருந்தது, கதைக்கிறதுக்கு?"

அந்தக் கிழமை முழுக்க இருவரும் சண்டை பிடித்துக்கொண்டே வேலை செய்தார்கள். காற்று எந்தப் பக்கம் மாறினாலும் திருப்பக்கூடியதாக ஒரு மேசை. ஒட்டுகிற இடத்தில் சுடர் தள்ளாடாமல் இருக்க, எண்ணெய்ப் பீப்பாயைப் பாதியாக வெட்டி முழங்கால் உயரத்துக்கு ஒரு மறைப்பு. அதற்கு மேலால் புகை போய்விடும், கீழே சுடர் அசையாது. ஒட்டுகிற மூலைகளில் துத்தநாகப் பூச்சைத் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரத்தால் ராவினார், சோதனைக்கு வைத்த பைப்புகளில் மட்டும் ராவாமல் விட்டார். வவுனியாவிலிருந்து ஒரு முகமூடி வந்தது, இரண்டு கன்னத்திலும் வட்ட வடிகட்டி பூட்டியது. அம்மா அதைப் போட்டதும் நான் மார்க்கர் பேனையால் முன்னுக்கு இரண்டு மூக்குத் துவாரம் கீறினேன். பன்றி மாதிரி இருந்தார். அடிப்பார் என்று ஓடத் தயாராக நின்றேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "வடிவாத்தான் இருக்கு" என்று விட்டுவிட்டார்.

இரண்டாவது ஞாயிறு. ஓய்வு. இரண்டாவது திங்கள். ஆறிலிருந்து பத்துவரை, முதல் கிழமை ஒட்டிய அளவு பைப், அதே குச்சி. காற்று இடது தோளில்.

மூன்று மணி. நாலு மணி. அம்மா கருவாட்டு வலைக்குச் சட்டம் எத்தனை அடி என்று கடதாசியில் கீறிக்கொண்டிருந்தார். கை ஆடத்தான் செய்தது. நாலரைக்கு நான் சீனி போடாத தேத்தண்ணி கொண்டுவந்தேன். கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தார். அப்பா, நான், தம்பி மூவரும் அவருடைய தொண்டையைப் பார்த்தோம்.

"சப்பெண்டு இருக்கு," என்றார். "சீனி போடேல்லையே மூதேவி?"

ஐந்து மணிக்குத் தொண்ணூற்றெட்டு. ஆறு மணிக்கும் தொண்ணூற்றெட்டு. ஏழு மணிக்கு அம்மா தேர்மோமீற்றரைப் பிடுங்கி, "காணும், இனி என்ர வாயைச் சோறு தின்ன விடுங்கோ" என்றார்.

செவ்வாய்க்கிழமை சங்கக் கட்டடத்தில் கருவாட்டுப் பெண்கள் பதினைந்து பேரும் ஆண்கள் ஏழெட்டுப் பேரும் இருந்தார்கள். அம்மா எழும்பிச் சொன்னார்: "பரண் நான் செய்யிறன். ஜி.ஐ.யில இல்ல, முகமூடி ஒரு நாள் பிழைச்சாலும் துத்தநாகம் உள்ள போகக் கூடாது. கறுப்புப் பைப்பில ஒட்டி, ஒட்டின பிறகு துருப்பிடியாப் பெயின்ற் ரெண்டுதரம் அடிச்சுத் தருவன். அஞ்சு கிழமை கேட்டியள், எட்டுக் கிழமை வேணும். ஞாயிறு வேலை இல்ல."

சலசலப்பு. ரஜிதா அக்கா, ஊரில் அதிகம் கருவாடு போடுகிறவர், எழும்பினார். "ரூபி, கறுப்புப் பைப் எண்டால் உப்புக்குத் துரு ஏறுமே?"

"ஏறும் அக்கா. ஏறினால் சுரண்டிப்போட்டுத் திரும்பப் பெயின்ற் அடிக்கலாம். நானே வந்து அடிச்சுத் தாறன்." அம்மா தன் நெஞ்சில் கையை வைத்தார். "இதுக்குள்ள ஏறினதைச் சுரண்டேலாது."

"கைநடுக்கம் எண்டு கேள்விப்பட்டம்," என்றார் பின்னால் இருந்து ஒரு ஆள்.

"மெய்தான். இப்ப முழங்கையை மேசையில ஊண்டிக்கொண்டுதான் ஒட்டுறன். முதல் பரணை நடுவில வைச்சு நாலு பேர் ஏறிக் குதியுங்கோ. உடைஞ்சால் மிச்சத்தை ரவுணுக்குக் குடுங்கோ."

செபமாலை மாமா கதிரையில் இருந்தபடியே கையைத் தூக்கினார். ரஜிதா அக்காவும் தூக்கினார். எல்லோரும் தூக்கவில்லை. கடைசியில் பதினாலு பரண் அம்மாவுக்கு, எட்டு ரவுண் கடைக்கு என்று முடிவானது. அம்மா அதற்கு முகம் சுளிக்கவில்லை. முதல் பரணில் நாலு பேரும் குதித்தார்கள். ரஜிதா அக்காவும் அதில் ஒருவர், அவரே இரண்டு பேருக்குச் சமம். பரண் அசையவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தத்தில் மங்கனீசு கூடுதலாகத்தான் இருக்கிறது என்று சொன்னார்கள். புகை நின்றால் காலப்போக்கில் குறையுமாம், கை முழுக்கத் திரும்புமா என்பதற்கு ஒருவரும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆவணி மாதம் டொக்டர் பிரேமிளாவிடம் போனபோது குழாயின் முள் முந்நூற்று அறுபதில் நின்றது. நுளம்புத்திரி இன்னும் கோணல்தான்.

"நெஞ்சு திரும்பி வருது," என்றார் டொக்டர். "கை நடுக்கம் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. கூடாமல் நிண்டதே பெரிய காரியம்."

"நானூறு எப்ப வரும்?" அம்மா கேட்டார்.

"வராமலும் போகலாம் அம்மா."

"சரி," என்றார் அம்மா. குழாயை மறுபடி எடுத்து, ஒருவரும் சொல்லாமலே, கண்ணை மூடிக்கொண்டு இன்னொருதரம் ஊதினார். முந்நூற்று அறுபத்தைந்து. டொக்டரிடம் காட்டி, அதையே எழுதச் சொல்லி நின்று எழுதுவித்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.